பாட்டியின் பெயர், பேத்தியின் பெயர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை – மறுபதிப்பு)



நாமக்கல் மாவட்டத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது ஜேடர்பாளையம். ஆற்றின் குறுக்கே படுகை அணை, அங்கிருந்து பிரிந்து போகும் ராஜா வாய்க்கால், அதன் தண்ணீரில் வளரும் வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு என்று பச்சை மாறாத ஊர். திருமுழுக்குக்கு முந்திய சந்திப்புக்காக அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். பெண் குழந்தை. பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்க, தொட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

“எங்க அம்மாயி பேரையே வெக்கலாம்னு இருக்கறனுங்க சாமி. அடைக்கலமேரி” என்றார் குழந்தையின் தாய்.

“இந்தக் காலத்துல போயி அடைக்கலம்னு வெச்சா, பள்ளிக்கொடத்துல பசங்க சிரிக்க மாட்டாங்களாங்க சாமி? நாளைக்கு வெளியூருக்கு வேலைக்குப் போனா, இந்தப் பேரு யாரு வாயில நுழையும்?” என்றார் தந்தை. அவருடைய கைபேசியில் இரண்டெழுத்து, மூன்றெழுத்துப் பெயர்களாக ஒரு பட்டியலே இருந்தது. இருவர் பேச்சிலும் குழந்தையின் மீதுள்ள அன்புதான் தெரிந்தது. அந்தப் பெயருக்கு உரிய அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை.

நாம் அன்றைக்குத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. “பெயர்களின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம்” என்று சொல்லித் திரும்பினோம். அப்படிப் புரட்டியதில் கிடைத்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் நம் தமிழே என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மகளின் மகளை, மகனின் மகளை நாம் ‘பேத்தி’ என்கிறோம். பழைய வடிவம் ‘பெயர்த்தி’. அதுபோல ‘பேரன்’ என்பது ‘பெயரன்’. அதாவது, பெயரைத் தாங்குகிறவள், பெயரைத் தாங்குகிறவன். தாத்தா பாட்டியின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது எவ்வளவு பழைய வழக்கம் என்றால், அந்த உறவுக்கே அதுதான் பெயராகிவிட்டது. பாட்டியின் பெயரை வைத்தாலும் வைக்காவிட்டாலும், ‘பேத்தி’ என்று கூப்பிடும்போதெல்லாம் அந்த வழக்கத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மாமியார் பெயரையும் மாமனார் பெயரையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். பேத்திக்கு மாமியார் பெயரை வைத்துவிட்டால், பெற்ற தாய் அந்தக் குழந்தையை எப்படிக் கூப்பிடுவாள்? ‘கண்ணு’ என்பாள், ‘அம்மணி’ என்பாள், ‘பாப்பா’ என்பாள். ஏட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்பது இன்று வந்த நாகரிகம் அல்ல. நம் பாட்டிமார் கண்ட வழிதான்.

விவிலியத்தைத் திறந்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது. ஆண்டவரின் தாய்க்கு வாய்த்த பெயர் என்ன? மரியா. எபிரேயத்தில் மிரியாம். மோசேயின் அக்காவுடைய பெயர். நாசரேத்துச் சிறுமி பிறந்தபோது, அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய பெயர். அது மட்டுமல்ல, அக்காலப் பாலஸ்தீன யூதப் பெண்களிடையே தெருவுக்குத் தெரு கேட்கும் பெயர். சிலுவையடியில் நின்ற பெண்களை யோவான் நற்செய்தி குறிப்பிடும்போது, இயேசுவின் தாய் மரியா, குளோப்பாவின் மனைவி மரியா, மகதலா மரியா என்று ஒரே பெயருடைய மூவரைக் காண்கிறோம். மரியாவின் உறவினரான எலிசபெத்து தாங்கியதும் பழைய பெயர்தான். ஆரோனின் மனைவி எலிசபாவின் பெயர் அது. மீட்பின் வரலாற்றில் புதிய உடன்படிக்கையின் வாசலில் நின்ற இரண்டு பெண்களும், விடுதலைப் பயண நூலின் காலத்துப் பெயர்களையே தாங்கி நின்றார்கள். பெயர் பழையதாக இருந்தது, அவர்கள் வழியாக இறைவன் செய்தது புதியதாக இருந்தது.

ஆனால், அதே எலிசபெத்து தம் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது என்ன செய்தார்? சுற்றத்தார் எல்லாரும் தந்தையின் பெயரான செக்கரியா என்பதையே வைக்க விரும்பினார்கள். தாய், யோவான் என்றார். உங்கள் உறவில் அந்தப் பெயருடையவர் ஒருவரும் இல்லையே என்று அவர்கள் மறுத்துப் பேசினார்கள். பேச முடியாமல் இருந்த தந்தை எழுது பலகையை வாங்கி, தாய் சொன்ன பெயரையே எழுதிக் காட்டினார். ஆகவே, பழைய பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று விவிலியம் யாரையும் கட்டிப்போடவில்லை. புதிய பெயருக்கும் அங்கே இடம் உண்டு.

இனி, நம் தமிழகத் திருச்சபையில் பெண் பிள்ளைகளுக்கு வந்த பெயர்களைப் பார்ப்போம். காவிரியில் வெள்ளம் வடிந்த பிறகு கரையில் அடுக்கடுக்காக வண்டல் தெரியுமே, அதுபோல இதிலும் அடுக்குகள் தெரிகின்றன.

முதல் அடுக்கு கடற்கரையில் விழுந்தது. 1530-களில் முத்துக்குளித்துறையில் பரதவர் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தியா வந்தார். போர்த்துக்கீசிய நாவிலிருந்து வந்த பெயர்கள் நம் நாவில் உருண்டு திரண்டு, சவரியம்மாள், அந்தோணியம்மாள், இன்னாசியம்மாள் என்று ஆயின. இன்றைக்கு இவையெல்லாம் பாட்டி காலத்துப் பெயர்கள். அன்றைக்கோ, கப்பலில் வந்து இறங்கிய புத்தம் புதிய பெயர்கள்!

இரண்டாம் அடுக்கு உள்நாட்டில் விழுந்தது. தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார், 1623-இல் மதுரையிலிருந்து புறப்பட்டு, நம் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். அவரும் அவர் வழிவந்த இயேசு சபையினரும் பெயரின் ஓசையை விட்டு, பொருளைத் தமிழில் தந்தார்கள். பேதுரு என்றால் பாறை, ஆகவே இராயப்பர். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்றால் இறைவன் அருள் கூர்ந்தார், ஆகவே அருளப்பர். வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் என்றார். ஆண்களுக்கு வந்த இந்தப் பெயர்களை ஒட்டி, பெண்களுக்கு இராயம்மாள், அருளம்மாள், சூசையம்மாள் என்று பெயர்கள் கிளைத்தன.

இந்த அடுக்கில் ஒரு பெண்ணின் பெயரை நாம் மறக்கவே கூடாது. திருவிதாங்கூர் அரசின் அலுவலராக இருந்த நீலகண்டன், 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்ற பெயருக்கு இறைவன் துணை என்று பொருள். அதையே தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயரிட்டார்கள். அவருடைய மனைவி பார்கவி அம்மாளும் மனம் மாறித் திருமுழுக்குப் பெற்று, ஞானப்பூ ஆனார். தெரேசா என்ற பெயருக்கு ஈடாக அவருக்கு வழங்கிய தமிழ்ப் பெயர் அது. 1752 சனவரி 14 அன்று கணவர் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டார். தேவசகாயம் என்பதும் ஒரு காலத்தில் “கிராமத்துப் பெயர்” என்று ஒதுக்கப்பட்டதுதான். அன்று புனித பேதுரு வளாகத்தில் உலகமே அந்தப் பெயரைக் கேட்டது. ஞானப்பூ என்ற பெயரோ இன்னும் காத்திருக்கிறது. இதைவிட அழகான பெயரை எந்தப் பட்டியலில் தேடப் போகிறோம்?

மூன்றாம் அடுக்கு, அன்னையின் திருத்தலங்களிலிருந்து வந்தது. வேளாங்கண்ணியிலிருந்து ஆரோக்கியமேரி. கோணான்குப்பத்திலிருந்து பெரியநாயகி. ஏலாக்குறிச்சியிலிருந்து அடைக்கலமேரி. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை அரசில் துன்புறுத்தலுக்கு ஆளான கிறிஸ்தவர்கள், கொள்ளிடத்தைக் கடந்து அரியலூர்ப் பாளையக்காரரின் நிலத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அந்த ஏலாக்குறிச்சியில்தான் வீரமாமுனிவர் அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பி, ஊரையே திருக்காவலூர் என்று பாடினார். ஜேடர்பாளையம் படுகை அணையைத் தாண்டிப் போகும் தண்ணீர், முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடமாக அந்த ஊர்ப் பக்கம்தான் போகிறது. அடைக்கலம் என்பது ஓடி ஒளிந்தவர்களின் பெயர் அல்ல, கைவிடப்படாதவர்களின் பெயர்.

நான்காம் அடுக்கு, நம் பாட்டிமாரும் அம்மாக்களும் பிறந்த காலம். அமல உற்பவம் 1854-இல் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது, அமலோற்பவமேரிகள் வந்தார்கள். 1858-இல் அன்னை லூர்து நகரில் காட்சி தந்தார், லூர்துமேரிகள் வந்தார்கள். 1917-இல் பாத்திமா காட்சி, அதன் பின் பாத்திமாமேரிகள். 1925-இல் குழந்தை இயேசுவின் தெரேசா புனிதரானார், வீட்டுக்கு வீடு தெரசாக்கள். ஒரு மூதாட்டியின் பெயரைக் கேட்டாலே, அவர் பிறந்த காலத்தில் திருச்சபை எதைக் கொண்டாடிக்கொண்டிருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். அவர்களின் பெற்றோரும், இன்றைய இளம் பெற்றோரைப் போலவே, தங்கள் காலத்தின் புதுப் பெயரைத்தான் ஆசையாக வைத்தார்கள்.

பிறகு ஏன் இவை பழசாகத் தோன்றுகின்றன? ஒரு காரணம் நம் ஆலயத்திலேயே இருக்கிறது. இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் ஒரு காலத்தில் ஞாயிறுதோறும் வாசகத்தில் ஒலித்த பெயர்கள். 1995-இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வந்தபின், அந்த இடத்தில் பேதுருவும் பவுலும் யோவானும் ஒலிக்கிறார்கள். பிற சபையாரோடு சேர்ந்து ஒரே விவிலியத்தை வாசிப்பது பெரிய நன்மை. ஆனால், காதில் விழாத பெயர் மெல்ல நாவிலிருந்தும் விலகிப் போகும். ஆக, பெயர் தேய்ந்து போகவில்லை. நாம் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

சொல்லத் தொடங்கினால் அது திரும்பவும் எழும். இலங்கையில் பிறந்த ஒரு குருவானவர், சேவியர் ஸ்தனிஸ்லாஸ். தம் முன்னோரின் பெயரான தனிநாயகம் என்பதைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அந்தப் பழைய பெயரோடுதான் அவர் நாடு நாடாகத் தமிழைச் சுமந்து போனார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்குப் பின்னால் இருந்தவர் தனிநாயகம் அடிகளார். வெளியூரில் யார் வாயில் நுழையும் என்று அவர் கவலைப்படவில்லை. நுழையவைத்தார். ஜேடர்பாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடத்தில் ஜேடர் என்றால் நெசவாளர். அந்தப் பொருள் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாவிட்டாலும், பழசாகிவிட்டது என்று ஊர்ப் பெயரை நாம் மாற்றிக்கொள்ளவில்லையே!

திருச்சபையின் ஒழுங்கு என்ன என்றும் பலர் கேட்கிறீர்கள். 1566-இல் வெளிவந்த திரெந்துப் பொதுச்சங்கத்தின் மறைக்கல்வி நூல், புனிதர் ஒருவரின் பெயரை வைக்கும்படி அறிவுறுத்தியது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, கிறிஸ்தவப் பெயர் வைக்கப்படுவதைப் பங்குத்தந்தை கவனிக்கச் சொன்னது. பெற்றோர் இசையாவிட்டால் புனிதர் ஒருவரின் பெயரைச் சேர்த்து, இரண்டையும் திருமுழுக்கு ஏட்டில் எழுதச் சொன்னது. இன்றைய 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு (எண் 855), கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே, அழகிய தமிழ்ப் பெயரைச் சொன்னால் சாமியார் திட்டுவாரோ என்று யாரும் அஞ்ச வேண்டாம். ஊராட்சி, நகராட்சிப் பதிவிலும் அவசரம் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயரை மட்டும் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பின் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: திருமுழுக்கு ஏட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் எழுத்து மாறாமல் ஒரே பெயர் இருக்கட்டும். பின்னாளில் அலைச்சல் மிச்சம்.

அன்புச் சகோதர சகோதரிகளே, பெயர் பழசா புதுசா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தச் சிந்தனையை முடிக்க முடியாது.

நம் தமிழ்நாட்டில் பெண் பிள்ளைகளுக்கு ‘போதும்பொண்ணு’ என்றும் ‘வேண்டா’ என்றும் பெயர் வைத்தவர்கள் இருந்தார்கள். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று, பிறந்தவளின் நெற்றியில் எழுதி ஒட்டிய பெயர்கள் அவை. மகாராட்டிரத்தில் ‘நகுசா’ என்பார்கள், வேண்டாதவள் என்று பொருள். 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்டத்தில் அப்படிப் பெயர் தாங்கிய 285 சிறுமிகள் ஒரே விழாவில் புதுப்பெயர் சூட்டிக்கொண்டார்கள். நாம் பிறரைச் சுட்டிக்காட்டத் தேவையில்லை. தமிழக அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் எங்கே தொடங்கியது? நம் சேலத்தில்தான். பெயர் வைப்பதற்கு முன்பே பெண் சிசுக்கள் மடிந்துபோன மண் இது என்பதால்தான் இங்கே தொடங்கினார்கள்.

இறைவாக்கினர் ஓசேயாவின் நூலில் ஒரு பெண் குழந்தை வருகிறாள். அவளுக்கு இடப்பட்ட பெயர் ‘லோ ருகாமா’, இரக்கம் பெறாதவள். நன்றி கெட்ட மக்களுக்கு எச்சரிக்கையாக வைத்த பெயர். ஆனால், அடுத்த அதிகாரத்தில் ஆண்டவரே அந்த முன்னெழுத்தை நீக்குகிறார். அவள் ‘ருகாமா’ ஆகிறாள், இரக்கம் பெற்றவள். தொடக்க நூலில், உயிர் பிரியும் வேளையில் இராகேல் தம் மகனைத் துயரத்தின் மகன் என்றழைக்க, யாக்கோபு அந்தப் பெயரை விட்டுவிட்டு பென்யமின் என்றார். காயப்படுத்தும் பெயரை மாற்றத் தயங்காதவர் நம் கடவுள். ஆகவே, மாற்ற வேண்டிய பெயர் எது என்று கேட்டால், பழைய பெயரை அல்ல, பிள்ளையை வேண்டாம் என்று சொல்லும் பெயரைத்தான் என்போம்.

சரி, ஜேடர்பாளையத்துக்குத் திரும்புவோம். இரண்டு வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போனோம். இதையெல்லாம் சொல்லத்தான் போனோம். ஆனால், அன்றைக்கு அம்மாயியே வாய் திறந்தார்.

“என்ற பேர வெக்கோணும்னு நான் கேக்கலீங்க சாமி. எனக்கே சின்ன வயசுல அந்தப் பேரு புடிக்காதுங்க. ஆனா ஒண்ணு சொல்றனுங்க. எனக்கு முன்னால ரெண்டும் பொண்ணுங்க. மூணாவது நானும் பொண்ணாப் பொறந்ததும், போதும்னு பேரு வையுங்கன்னு சொந்தக்காரங்க சொன்னாங்களாமா. எங்கப்பன் ஒத்துக்கலியாமா. மாதா குடுத்தது, மாதா பேருதான்னு சொல்லி அடைக்கலம்னு வெச்சாராமா. பேரு எதா இருந்தாலுஞ் செரி. பொண்ணு பொறந்துருச்சேன்னு மூஞ்சியச் சுளிக்காம வையுங்க. அது போதுங்க.”

வீடு சற்று நேரம் அமைதியாக இருந்தது. பேத்திக்கே அதுவரை அந்தக் கதை தெரியாது. குழந்தையின் தந்தை தொட்டிலருகே போய் நின்றார். கைபேசியை எடுக்கவில்லை. “அம்மாயி பேரே இருக்கட்டுங்க சாமி” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “கூப்பிடறதுக்கு மட்டும் நான் ஒண்ணு வெச்சுக்கறனுங்க” என்றார். அந்த ஞாயிறு, திருமுழுக்குத் தொடங்கும்போது, குழந்தைக்கு என்ன பெயர் என்று ஆலய வாசலில் கேட்டோம். தாயும் தந்தையும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அன்பார்ந்தவர்களே, எல்லாரும் பாட்டி பெயரையே வைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வைக்கும் முன் பாட்டியிடம் ஒரு முறை அவர் பெயரின் கதையைக் கேளுங்கள் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயரை யார் வைத்தார்கள், எந்தக் கோவிலுக்கு நேர்ந்து வைத்தார்கள், எந்தத் துன்பத்தில் வைத்தார்கள் என்று கேளுங்கள். கதையைக் கேட்டபின் புதுப் பெயர் வைத்தாலும் குறைவில்லை. கேளாமல் ஒதுக்கினால், பெயரோடு அந்த அப்பனின் துணிவும் போய்விடும். பழைய பெயரை வைத்தால், பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதில் அந்தக் கதையையும் சொல்லி வளருங்கள். தன் பெயரின் கதை தெரிந்த பிள்ளை, யாராவது சிரித்தால் தலை குனியாது. பதில் சொல்லும்.

பெயர் சொல்லி நம்மை அழைத்தவர், தம் உள்ளங்கைகளில் நம்மைப் பொறித்து வைத்திருப்பவர், நம் வீடுகளில் பிறக்கும் ஒவ்வொரு பெண் குழந்தையையும் வேண்டப்பட்டவளாய், வரவேற்கப்பட்டவளாய் வாழவைப்பாராக. அடைக்கல அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.